கம்பளி யானைக்கும் காப்பகத்தில் இடம் வேண்டும்

யானைக்கு நீளமுடிக் கம்பளியைப் போர்த்தி, பனியுகத்து மாமூத் இதுதான் என்று கேமரா முன்னால் நடக்கவிட்ட படம் ஒன்று உண்டு. எடுத்தது எங்கள் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், 1952ஆம் ஆண்டு. டி.ஆர். சுந்தரமும், மலிவுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கக்காரர் ராபர்ட் லிப்பர்ட்டின் கம்பெனியும் கைகோத்து எடுத்தது. தமிழில் 'காடு', ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன் அமெரிக்க வேட்டைக்காரர், மேரி வின்ட்சர் இந்திய இளவரசி, சீசர் ரொமேரோ ராம சிங். இந்த ரொமேரோதான் பிற்பாடு தொலைக்காட்சி பேட்மேன் தொடரில் பச்சை முடியும் வெள்ளை முகமுமாக ஜோக்கராக வந்து சிரித்தவர். கூடவே யார் என்று நினைக்கிறீர்கள்? நம் எம்.என். நம்பியார். ஜோக்கரும் நம்பியாரும் ஒரே காட்டில் மாமூத்தைத் தேடிப் போனார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. படத்தைப் போட்டுக் காட்டினால் நம்புகிறார்கள், அப்புறம் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புனேயில் லோஹேகாவ் தளத்தின் வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் சொசைட்டியில் பாதிப்பேர் கராடியிலும் விமான் நகரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர்கள். சனிக்கிழமை இரவில் கிளப் ஹவுஸ் சுவரில் புரொஜெக்டரைப் போட்டுப் படம் பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை 'மொக்கைப் பட இரவு'. எவ்வளவு கேவலமான படமோ அவ்வளவு கூட்டம். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான்.

"அங்கிள், வாங்க. இன்னிக்கு உங்க ஊர்க்காரங்க எடுத்த படம். யானைக்கு ஸ்வெட்டர் போட்டு மாமூத்னு சொல்றாங்களாம். வயிறு வலிக்கச் சிரிக்கலாம்."

போனேன். எழுபத்து மூன்று நிமிடப் படம். பெரும்பாலான நேரம் நடக்கிறார்கள், நிற்கிறார்கள், காட்டு மிருகங்களைப் பார்க்கிறார்கள், மறுபடியும் நடக்கிறார்கள். யானைக் கூட்டம் மிரண்டு ஊரை அழிக்கிறது. அதற்குக் காரணம் மாமூத் என்கிறார் அமெரிக்கர், நம்ப மறுக்கிறார் ராம சிங். கடைசிப் பகுதியில்தான் மாமூத் தலைகாட்டுகிறது. அது வந்ததும் கிளப் ஹவுஸில் விசிலும் கூச்சலும். நடுவில் இரண்டு சுகோய் போர் விமானங்கள் மேலே ஏறின. லோஹேகாவில் எந்தப் படத்துக்கும் சுகோய்தான் பின்னணி இசை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை வசனம் எதுவும் கேட்காது. சிரிப்பு மட்டும் அதையும் மீறிக் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் கம்பளியின் ஓரத்திலேயே நின்றது. விமானத் தோல் வேலை பார்த்தவன் புத்தி அப்படி. விமானத்தின் மேல்தகட்டில் ஒரு ரிவெட் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் காற்று அங்கேதான் போய்ப் பிடிக்கும். அதே கண்ணோடு பார்த்தால் கேள்வி வேறாகிறது. நாலைந்து டன் எடையுள்ள ஒரு பிராணி. வழவழப்பில்லாத, ஆனால் நடக்கும்போது ஒவ்வோர் அங்குலமும் அசையும் தோல். அதன்மேல் கனமான முடிப் போர்வையை வைத்து, சரியாமல், உதறாமல், மேடு பள்ளத்தில் நடத்திக் காட்ட வேண்டும். திருவிழாவில் அம்பாரி கட்டுவதை அருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கழுத்தில் ஒரு பிடி, வயிற்றைச் சுற்றி ஒரு பிடி, வாலடியில் ஒரு பிடி. மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மேலே இருப்பது முன்னேயோ பின்னேயோ போய்விடும். அம்பாரியில் அந்தக் கயிறுகள் தெரியலாம், அலங்காரம் என்று ஜரிகை சுற்றிவிடுவார்கள். மாமூத்துக்குக் கயிறு தெரிந்தால் தொலைந்தது. படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடியும் எனக்குக் கயிறு அகப்படவில்லை. யானை அடி வைக்கும் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி முடி ஆடுகிறது, அவ்வளவுதான் காட்டிக் கொடுக்கிறது. கட்டியவர் யாரோ, பெயர் திரையில் வராத யாரோ ஒரு தையல்காரரும் ஒரு பாகனும்தான். ஜோக்கரையும் நம்பியாரையும்விட அந்த இருவர்தான் அந்தப் படத்தின் நாயகர்கள் என்பேன்.

கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் கிளைட் டி வின்னா, ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர். படத்தை அமெரிக்காவில் காவி படிந்த செப்பியா நிறத்தில் வெளியிட்டார்கள். அந்த மங்கல் கம்பளிக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கிறது என்று பாருங்கள். பளிச்சென்ற கலரில் எடுத்திருந்தால் ஜமக்காளம் ஜமக்காளமாகவே தெரிந்திருக்கும்.

என் தாய்மாமா மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவர். ஏற்காடு ரோட்டில் இன்று நுழைவு வளைவு மட்டும் நிற்கிறதே, அந்த வளைவுக்குள் தினமும் சைக்கிளில் போய் வந்தவர். அரண்மனைத் தூண் செய்வதை எனக்குச் செய்து காட்டியிருக்கிறார். மூங்கில் பத்தையில் கூடு கட்டி, கோணிச் சாக்கைப் பாரிஸ் சாந்தில் முக்கிச் சுற்றி, காய்ந்தபின் சீலைத் துணியால் வார்னிஷ் இழுப்பார்கள். விரலால் தட்டினால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம். "மாப்ளே, கேமராவுக்குக் காது கிடையாது" என்பார். இதே ஆட்கள்தான் 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' வெளிவந்த கம்பெனியில், 1956இல் தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்த தளத்தில் தூணும் குகையும் கட்டியவர்கள். அலிபாபா குகைக்கு ஒரு கை, கம்பளி யானைக்கு வேறு கை என்று இருக்கவில்லை. ஒன்றைக் காவியம் என்று கும்பிட்டு மற்றொன்றை மொக்கை என்று தள்ளுவது, வேலை எப்படி நடந்தது என்று தெரியாதவர்கள் செய்கிற பாகுபாடு.

இந்தக் கேலிப் பழக்கமும் இறக்குமதிதான். 1988இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்று ஒன்று தொடங்கியது. ஒரு மனிதனும் சில பொம்மை ரோபோக்களும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பழைய மலிவுப் படங்களைப் பார்த்து நக்கலடிப்பார்கள். அதில் மாட்டிய படங்களில் ஒன்று 1959இல் டெக்சாஸில் எடுத்த 'தி கில்லர் ஷ்ரூஸ்'. மூஞ்சூறுகள் ஓநாய் அளவுக்கு வளர்ந்து மனிதரைத் தின்ன வருகிற கதை. மூஞ்சூறுக்கு என்ன செய்தார்கள்? நாய்களுக்கு முடிப் போர்வை மாட்டி ஓடவிட்டார்கள். சேலத்துக்கும் டெக்சாஸுக்கும் இடையே பாதி உலகம். கையில் காசில்லாதபோது இருவருக்கும் தோன்றியது ஒரே யோசனை. எனக்கு இது பெருமையாகவே இருக்கிறது, அதிலும் நாம் ஏழு வருஷம் முந்தி, யானையை வைத்தே செய்துவிட்டோம்.

காசில்லாமை இன்னொன்றையும் கற்றுக் கொடுத்தது: காட்டாமல் இருப்பது. 'ஜாஸ்' படத்தின் இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி மக்கர் செய்ததால்தான் ஸ்பீல்பெர்க் துடுப்பையும் மிதக்கும் பீப்பாயையும் வைத்து ஒப்பேற்றினார் என்பது ஊரறிந்த கதை. 1975இல் உலகமே கடலில் கால் வைக்கப் பயந்தது அந்த ஒப்பேற்றலால்.

இதற்கு லோஹேகாவ்வாசிகளுக்கு ஹாலிவுட் சாட்சி வேண்டாம். 2025 ஏப்ரல் கடைசியில் எங்கள் விமான நிலைய ஓடுதளத்துப் பக்கம் ஒரு சிறுத்தை தென்பட்டது. யாரோ போனில் எடுத்த சில வினாடிக் காட்சி, தூரத்தில் ஏதோ பழுப்பாக நடக்கிறது. அவ்வளவுதான். வனத்துறை கூண்டு வைத்தது, கேமரா மாட்டியது. சிறுத்தை கூண்டுப் பக்கம் தலைவைக்காமல் பூமிக்கடியில் போகும் வாய்க்கால் சுரங்கங்களில் குடித்தனம் நடத்தியது. மயக்க ஊசி போட்டுப் பிடிக்க டிசம்பர் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் எத்தனை சிறுத்தைகள் உலவின தெரியுமா? பார்க்கிங்கில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று, பால்காரர் பார்த்தது ஒன்று, வாட்ஸ்அப்பில் கணக்கே இல்லை. காலை நடைக்குப் போகிறவர்கள் கைத்தடி எடுத்தார்கள். எதையும் பார்க்காததால் எல்லாவற்றிலும் பார்த்தோம். வடக்கே ஜுன்னர், ஷிரூர் பக்கம் கரும்புக் காட்டு ஜனங்களுக்கு இது விளையாட்டில்லை. அங்கே பிள்ளைகளையே பறிகொடுத்திருக்கிறார்கள். நான் சொல்வது மதிலுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்த எங்களைப் பற்றி. கோடிக்கணக்கில் செலவழித்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு செதிலாக வரைந்து, முதல் காட்சியிலேயே முழுசாகக் கொண்டுவந்து நிறுத்தும் இன்றைய மிருகங்கள் எதுவும் அந்தப் பழுப்பு நிழல் பண்ணியதைப் பண்ணவில்லை.

மலிவுப் பயத்தின் தலைமையகம் என்று பார்த்தால் அதுவும் இந்தப் பக்கம்தான். புனேயிலிருந்து மலையேறினால் மகாபலேஷ்வர். கராச்சியிலிருந்து பம்பாய்க்கு வந்து ரேடியோ கடை நடத்திய எஃப்.யு. ராம்சே, தன் ஏழு பிள்ளைகளையும் பெண்டு பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்த்தான் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' படத்தை எடுத்தார். அது 1972. துளசியும் ஷ்யாமும் இயக்கம், கங்கு கேமரா, கிரண் ஒலி, குமார் கதை, அர்ஜுன் எடிட்டிங் என்று ஒரு வீடே ஸ்டுடியோ. பெண்கள் சமைத்தார்கள். தங்கிய விடுதியே செட். இந்த வியாபாரம் அவர்களுக்குப் பிடிபட்ட விதமும் வேடிக்கை. அதற்கு முன் பிருத்விராஜ் கபூரை வைத்து ஒரு படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆனால் அதில் பயங்கர முகமூடி போட்டுக்கொண்டு மியூசியத்தில் திருடும் காட்சிக்கு மட்டும் ஜனங்கள் வந்து போவதைத் தியேட்டரில் நின்று கவனித்த பிள்ளைகள், முழுப் படத்தையும் அந்தக் காட்சி மாதிரியே எடுத்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டார்கள். மக்கள் கருத்துக் கணிப்பு என்று இன்று எத்தனையோ கம்பெனிகள் பணம் வாங்குகின்றன. இது இலவசமாக நடந்தது.

ராம்சேக்களின் 1984ஆம் ஆண்டு 'புரானா மந்திர்' சக்கைப்போடு போட்டது. அதில் சாம்ரி என்ற ராட்சசனாக வந்த அஜய் அகர்வால் ரூர்க்கியில் படித்த சிவில் என்ஜினியர். ஆறடியைத் தாண்டிய உயரம், கரடுமுரடான நீண்ட முகம். மற்ற நடிகர்களுக்கு மணிக்கணக்கில் போட வேண்டிய மேக்கப்பில் பாதியை இயற்கையே போட்டுவிட்டிருந்தது. பின்னாளில் சேகர் கபூரின் 'பேண்டிட் குயின்' படத்தில் பாபு குஜ்ஜராக வந்து நடுங்கவைத்ததும் இவர்தான். அந்தப் படத்துக்கு விருதுக் குழுக்கள் கைதட்டின. சாம்ரிக்குச் சிரிப்பு, பாபு குஜ்ஜருக்குக் கைதட்டல், ஆள் ஒருவர்தான்.

நம் பக்கம் இந்த மேட்டிமை இன்னும் பழையது. எதையாவது நம்ப முடியாதபடி ஒருவர் சொன்னால் 'விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு' என்போம். பி. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' 1978இல் தெலுங்கில் வந்து தமிழ்நாட்டையும் ஒரு கலக்குக் கலக்கியது. விறகில்லாத அடுப்பில் தன் காலையே நீட்டி எரித்துச் சமைக்கிற பேயை மறந்த தமிழர் உண்டா? அந்த ஒரு காட்சிக்குள் எங்கள் வீட்டு ஆத்தா, அத்தை எல்லோரும் இருந்தார்கள். அடுப்படியில் உட்கார்ந்து தன்னையே எரித்து உலை வைத்த பெண்கள். விட்டலாச்சார்யா அதை நினைத்து எடுத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. விமர்சகர்கள் லாஜிக் இல்லை என்று எழுதினார்கள். கொட்டகையில் பெண்கள் பக்கம் அந்த இடத்தில் எழுந்த சத்தம் சிரிப்பு மட்டும்தானா என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ராம்சே படங்களில் குளியல் காட்சிகளுக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 'தி ஜங்கிள்' நம் ஊரைப் பார்க்கிற பார்வையில் வெள்ளைக்காரத் திமிர் வழிகிறது. இளவரசி வேஷத்துக்குக்கூட ஓர் இந்தியப் பெண் கிடைக்கவில்லையாம். கம்பளிக்குள் இருந்த யானையை நினைத்தால் மனசு கேட்கவில்லை. யானைக்குக் கால் நகத்தோரம் தவிர வேறெங்கும் வியர்க்காது, காதை விசிறித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் வெயிலில் அதற்குமேல் கம்பளி! 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு படப்பிடிப்பில் மிருகத்தைப் பயன்படுத்தப் பதிவும் அனுமதியும் வேண்டும். அந்தக் காட்சியை இன்று எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனாலேயே இருக்கிற படத்துக்கு மதிப்பு கூடுகிறது. அப்படி ஒரு வேலை நடந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

இங்கேதான் புனே வருகிறது. லா காலேஜ் ரோட்டில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1964இல் தொடங்கியது. அதை வளர்த்தெடுத்த பி.கே. நாயர் நல்ல படம், கெட்ட படம் என்று பிரித்துப் பார்க்காத மனிதர். எதையும் சேர்த்து வை, தீர்ப்பைப் பின்னால் வருகிறவன் சொல்லட்டும் என்பது அவர் கொள்கை. இந்தியாவில் எடுத்த சுமார் 1,700 மௌனப் படங்களில் அவர் கைக்கு அகப்பட்டவை ஒற்றை இலக்கத்தில்தான். நம் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அது வந்த நாளில் அதையும் யாரோ இரண்டணா வேடிக்கை என்றுதான் சொல்லியிருப்பார்கள். சேர்த்து வைத்ததிலும் ஒரு பங்கை 2003 ஜனவரியில் இதே புனேயில் நடந்த தீ தின்றுவிட்டது. நைட்ரேட் ஃபிலிம் பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது.

2022 மே மாதம் தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் சுமார் 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்கள் எப்படித் தயாராகும் என்று அரசாங்கத்தில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். முதலில் விருது வாங்கியவை, பிறகு பெரிய பெயர்கள், பிறகு நூற்றாண்டு விழா வருகிறவர்கள். கம்பளி யானையும், காலெரிக்கும் பேயும், சாம்ரியும் வரிசையின் வாலில்கூட நிற்கமாட்டார்கள். எனவே என் கோரிக்கை: அந்த 2,200இல் பத்தில் ஒரு பங்கு பேய்ப் படம், பிசாசுப் படம், மாயாஜாலம், மிருகப் படம் என்று ஒதுக்குங்கள். தேர்வுக் குழுவில் பேராசிரியர்களோடு ஒரு மேக்கப்மேனையும், ஒரு செட் தச்சரையும், சண்டைக்காட்சிக் கலைஞர் ஒருவரையும் உட்கார வையுங்கள். எது அரிய வேலை என்று அவர்கள் சொல்வார்கள். புனேக்குப் பக்கத்தில் சாஸ்வடின் பழைய வாடாவில் எடுத்த 'தும்பாட்' 2018இல் வந்தபோது கொட்டகை நிறையவில்லை. 2024இல் திரும்பத் திரையிட்டதும் முதல் தடவையைவிட அதிகம் வசூலித்தது. ஆறே வருஷத்தில் ஜனங்கள் மனம் மாறினார்கள், பிரதி கையில் இருந்ததால் மாற முடிந்தது.

'தி ஜங்கிள்' ஆங்கில வடிவத்தை வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது. எனக்கு வேண்டியது 'காடு'. சேலத்திலும் பக்கத்து ஊர்களிலும் பழைய டூரிங் டாக்கீஸ்காரர்கள், விநியோகஸ்தர்கள் வீட்டுப் பரண்களில் தகர டப்பாக்கள் இருக்கும். படம் எதுவாக இருந்தாலும் சரி, திறந்தால் புளித்த காடி வாசனை வரலாம். ஃபிலிம் சாகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், ஆனால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று புரொஜெக்டரில் மாட்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், பக்கத்தில் பீடி சிகரெட் பற்றவைக்காதீர்கள். 1950களுக்கு முந்தையது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம், பட்டாசு மாதிரி பிடித்துக்கொள்ளும். வெள்ளி எடுக்க வாங்குகிறேன் என்று எடைக்குக் கேட்டு வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் படுக்கைவசமாக அடுக்கி வைத்து, டப்பா மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காமல் போட்டோ எடுத்து, லா காலேஜ் ரோட்டுக் காப்பகத்துக்குக் கடிதம் போடுங்கள். தமிழில் எழுதினாலும் படிக்க அங்கே ஆள் இருப்பார்கள். இல்லையென்றால் லோஹேகாவிலிருந்து நான் போய்ப் படித்துச் சொல்கிறேன்.